எஞ்சினை மாற்றுவதா, காரை மாற்றுவதா?

தனிநபர் கடன் விண்ணப்பத்தில் ‘கடனின் நோக்கம்’ என்றொரு கட்டம் உண்டு. திருமணம், மருத்துவம், கல்விக் கட்டணம் ஆகியவற்றுக்கிடையே ‘கார் எஞ்சின் மாற்ற’ என்று எழுதப்பட்ட விண்ணப்பங்களும் எங்கள் மேசைக்கு வருவதுண்டு. எட்டு அல்லது ஒன்பது ஆண்டுகள் ஓடிய சிறிய கார். திடீரென எஞ்சின் நின்றுவிட்டது. பழுதுபார்ப்பகத்தில் பெரிய தொகை ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் வட்டி விகிதத்தைத்தான். அதற்கு முன்பே விடை தேட வேண்டிய கேள்விகள் சில உள்ளன. அந்த விடைகளைப் பொறுத்துக் கடன் பாதியாகக் குறையலாம். கடனே வேண்டாம் என்றும் ஆகலாம்.

முதற்கேள்வி, எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதா என்பது. ‘எஞ்சின் போய்விட்டது’ என்ற ஒரே தொடரால் பல பழுதுகளைக் குறிப்பிடுகிறோம். கூலன்ட் குறைந்து எஞ்சின் கொதித்துவிட்டால், பெரும்பாலும் முதலில் கெடுவது சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட். ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்ததுபோன்ற படிவு தென்பட்டால், கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கலாம் என்று பொருள். ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் சமன் செய்து, புதிய கேஸ்கெட் போட்டால் வேலை முடிந்துவிடும் நேரங்கள் உண்டு. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் சிலவற்றில் வால்வுகள் வளையும். அதுவும் ஹெட் வேலையோடு நிற்கக்கூடியதே. ஆயில் இல்லாமல் ஓடி, கிராங்க் ஷாஃப்ட் பேரிங் இறுகிவிட்டாலோ, கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்துவிட்டாலோதான் முழு எஞ்சினைப் பற்றிய பேச்சு எழ வேண்டும்.

எஞ்சின் சுழலும் நிலையில் இருந்தால் கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். எல்லாச் சிலிண்டர்களின் அளவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வெகுவாகக் குறைந்தால், அந்தச் சிலிண்டரில் சிறிது ஆயில் ஊற்றி மீண்டும் அளப்பார்கள். அளவு உயர்ந்தால் தேய்ந்திருப்பது பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் சுவர். உயராவிட்டால் வால்வுப் பக்கமோ கேஸ்கெட்டோ பழுது. எஞ்சினின் மொத்த விலையோடு ஒப்பிட்டால் இச்சோதனைக்கு ஆகும் கூலி மிகச் சிறியது. சோதனையே செய்யாமல் தொகை சொல்லும் இடத்தில், மற்றொரு பழுதுபார்ப்பகத்தின் கருத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பீடு கைகொடுக்குமா என்பது அடுத்த கேள்வி. வழக்கமான மோட்டார் பாலிசியில் தேய்மானமும் இயந்திரப் பழுதும் விலக்கப்பட்டவை. மழைநீர் தேங்கிய சாலையில் காற்று உறிஞ்சும் குழாய் வழியே நீர் புகுந்து எஞ்சின் இறுகிவிட்டால், ‘எஞ்சின் பாதுகாப்பு’ என்ற கூடுதல் பிரிவை வாங்கியிருப்போருக்கே பெரும்பாலும் இழப்பீடு கிடைக்கும். காற்றை அழுத்துவதுபோல் நீரை அழுத்த இயலாது. நீர் புகுந்த நிலையில் சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அவ்வாறு முயன்று பார்த்ததையே காரணங்காட்டிக் கோரிக்கை மறுக்கப்படுவதும் உண்டு. ஆகவே காரைத் தள்ளியோ இழுத்தோ கொண்டு செல்வதே முறை. கோரிக்கை ஏற்கப்பட்டாலும் உலோகப் பாகங்களுக்குத் தேய்மானக் கழிவு உண்டு. வழக்கமான அட்டவணைப்படி 5 ஆண்டு கடந்த காருக்கு 40 சதவீதமும் 10 ஆண்டு கடந்த காருக்கு 50 சதவீதமும் கழிக்கப்படும்.

எஞ்சினைத்தான் கவனிக்க வேண்டும் என்று உறுதியானால் வழிகள் மூன்று. நிறுவனத்திடம் புதிய எஞ்சின் வாங்குவது முதல் வழி. இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தரம் உறுதி, விலை மிகுதி. பழைய சிறிய காருக்கு இது பொருந்துவது அரிது.

இருக்கும் எஞ்சினையே முழுவதும் பிரித்துப் புதுப்பிப்பது இரண்டாம் வழி. பட்டறை வழக்கில் ‘ஃபுல் எஞ்சின் வேலை’. சிலிண்டர்களைப் போர் செய்து, ஓர் அளவு பெரிய பிஸ்டன் போட்டு, கிராங்க் ஷாஃப்டைக் கடைந்து, அதற்கேற்ற பேரிங் பொருத்துவார்கள். என் பரிந்துரை பெரும்பாலும் இதுவே. பிளாக் மாறாததால் எஞ்சின் எண் மாறாது. எண் மாறாததால் பதிவுச் சான்று, காப்பீடு, வங்கிப் பதிவு எதிலும் கை வைக்க வேண்டியதில்லை. வேலை செய்பவரின் கைத்திறனையே முழுக்க நம்பியிருப்பது இதன் குறை. எனவே லேத் பட்டறையின் ரசீது, மாற்றிய பாகங்களின் ரசீதுகள், எழுத்தில் ஓர் உத்தரவாதம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள்.

மூன்றாம் வழி, பிரிக்கப்பட்ட காரின் எஞ்சினை வாங்குவது. டெல்லியின் மாயாபுரி, மும்பையின் குர்லா, சென்னையின் புதுப்பேட்டை ஆகிய சந்தைகள் இதற்குப் பெயர் பெற்றவை. ஒரே எஞ்சின் பல கார்களில் வந்திருப்பதால் தேடுவது எளிது. மாருதியின் 998 சிசி கே10பி எஞ்சின் ஆல்டோ கே10, வேகன் ஆர், செலெரியோ ஆகியவற்றில் இடம்பெற்றது. ஃபியட்டின் 1,248 சிசி மல்டிஜெட் டீசல் எஞ்சின் ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புண்டோ எனப் பல நிறுவனங்களின் கார்களில் ஓடியது. ஆயினும் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே பொருந்திவிடும் என்று எண்ண வேண்டாம். மாடலுக்கு மாடல் டர்போவும் சென்சார்களும் தாங்கிகளும் வேறுபடும். மாசு விதி மாறிய ஆண்டுக்கேற்பவும் மாற்றங்கள் இருக்கும். நம் காரின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் வயரிங்கையும் அப்படியே வைத்துக்கொண்டு எஞ்சினை மட்டும் மாற்றுவதே சிக்கல் குறைந்த முறை. இல்லையெனில் சாவியோடு இணைந்த இம்மொபைலைசர் காரைக் கிளம்ப விடாது.

இந்த மூன்றாம் வழியில் பணத்தைவிடப் பெரிய இடர் ஒன்று உள்ளது. பழைய எஞ்சினின் எண் வேறொருவரின் காருக்கு உரியது. அந்தக் கார் முறைப்படி உடைக்கப்பட்டதா, திருடப்பட்டதா என்பது எஞ்சினைப் பார்த்தால் தெரியாது. உத்தரப் பிரதேச மாநிலம் மீரட்டின் சோத்திகஞ்ச் சந்தை, திருட்டு வாகனங்களைப் பிரித்து விற்கும் இடம் என்ற குற்றச்சாட்டின்பேரில் 2021 டிசம்பரில் காவல்துறையால் மூடப்பட்டது. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ வாங்குவது பாரதிய நியாய சம்ஹிதையின் 317ஆம் பிரிவின்படி குற்றம். ‘மலிவாகக் கிடைத்தது, ரசீது தரவில்லை’ என்பது அப்போது நமக்கு உதவும் வாதமன்று. நமக்கு எதிரான வாதம்.

எனவே கொடுத்த காரின் பதிவு எண், அதன் பதிவு ரத்தான சான்றின் நகல், எஞ்சின் எண் குறிக்கப்பட்ட ஜிஎஸ்டி ரசீது ஆகிய மூன்றும் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2021ஆம் ஆண்டு விதிகளின்கீழ்ப் பதிவுபெற்ற வாகன உடைப்பு மையங்களில் இந்த ஆவணத் தொடர்ச்சி தெளிவாக இருக்கும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில் எஞ்சின் எண்ணைக் கொடுத்து, அது திருட்டு வாகனப் பட்டியலில் உள்ளதா என்று பொதுமக்களே சரிபார்க்கலாம்.

எஞ்சின் மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. முன் அனுமதியின்றி மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. கேட்கப்படும் இணைப்புகள் மாநிலத்துக்கு மாநிலம் சற்று வேறுபடும் என்பதால், எஞ்சினை வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகி அனுமதி பெறுவது நல்லது. பதிவுச் சான்றில் புதிய எண் ஏறிய பின் காப்பீட்டு நிறுவனத்திடமும் அதைப் பதிவு செய்யுங்கள். எண் பொருந்தாத காரை விற்கவும் முடியாது; விபத்து நேர்ந்தால் இழப்பீடு கோருவதிலும் தடை எழும். கார் கடன் இன்னும் முடியாமல் இருந்தால் அந்தக் கார் வங்கியின் பெயரில் ஹைபாத்திகேஷன் செய்யப்பட்டது. எஞ்சின் மாற்றத்துக்கு வங்கியின் எழுத்துப்பூர்வமான இசைவு தேவை. அதைக் கேட்க வாடிக்கையாளர்கள் தயங்குகிறார்கள். தயக்கம் வேண்டியதில்லை, நின்றுகிடக்கும் காரைவிட ஓடும் காரையே வங்கியும் விரும்பும்.

இனி கணக்குக்கு வருவோம். கார் வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். அது செலவாகிப் போன பணம். பார்க்க வேண்டியவை இரண்டே தொகைகள்: ஓடும் நிலையில் இன்று அதன் விலை என்ன, இப்போதுள்ள நிலையில் விற்றால் என்ன கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 9 ஆண்டு ஆன கார் ஓடும் நிலையில் 2,10,000 ரூபாய் பெறும், எஞ்சின் இன்றி 70,000 ரூபாய் பெறும் என்று கொள்வோம். இடைவெளி 1,40,000. புதுப்பிக்க 60,000 ஆகுமெனில் செய்வது ஆதாயம். புதிய எஞ்சினுக்கு 1,35,000 ஆகுமெனில் இடைவெளி முழுவதும் கரைந்துவிடுகிறது. பதிவுக்காலம் 15 ஆண்டு என்பதால் இன்னும் 6 ஆண்டு உள்ளது; ஆண்டுக்கு 10,000 ரூபாய் செலவில் ஒரு கார். மாறாக 3 லட்சம் ரூபாய் கடனில் வேறு கார் வாங்கினால், 10 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளுக்கு மாதத் தவணையே ஏறத்தாழ 6,374 ரூபாய்.

அதே 60,000 ரூபாயை 13 ஆண்டு ஆன காரில் போட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். இரண்டு ஆண்டில் தகுதிச் சோதனையோடு மறுபதிவு வரும். அதுவும் 5 ஆண்டுகளுக்குத்தான். டெல்லித் தலைநகர்ப் பகுதியில் பழைய வாகனங்கள் மீதான நீதிமன்றக் கட்டுப்பாடுகள் மாறிக்கொண்டே வருவதால், அங்கு வசிப்போர் அன்றைய நிலையை அறிந்தே முடிவு செய்ய வேண்டும். இத்தகைய காரை உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்று தருவார்கள். புதிய சொந்தக் காருக்கு அதைக் காட்டிப் பதிவுக் கட்டண விலக்கும், மாநில அரசு அறிவித்துள்ள அளவுக்கேற்ப 25 சதவீதம் வரை சாலை வரிச் சலுகையும் பெறலாம்.

பணம் திரட்டுவதில் ஒரு சொல். வைப்புத்தொகை இருந்தால் அதை முறிக்காமல் அதன்மேல் கடன் பெறுங்கள். வட்டி வழக்கமாக வைப்பு வட்டியைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். 60,000 ரூபாய்க்கு 24 மாதங்களில், 12 சதவீதத் தனிநபர் கடனாயின் மொத்த வட்டி ஏறத்தாழ 7,790 ரூபாய். 8 சதவீதத்தில் 5,130 ரூபாய். மிச்சமாகும் 2,660 ரூபாய் கிளட்ச் செலவுக்கு உதவும். கிளட்ச் என்று சொல்லக் காரணம் உண்டு. எஞ்சின் கீழே இறங்கியிருக்கும்போதே கிளட்ச் தட்டு, வாட்டர் பம்ப், பின்புற ஆயில் சீல், எஞ்சின் தாங்கிகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டால் இரண்டாம் முறை இறக்கும் கூலி மிச்சம். மதிப்பீட்டில் இவையும் அடங்கியுள்ளனவா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய எஞ்சின் ஏன் கெட்டது என்பதையும் மெக்கானிக்கிடம் கேட்டறியுங்கள். அடைத்துக்கொண்ட ரேடியேட்டரோ, வேலை செய்யாத மின்விசிறியோ, கசியும் ஆயில் சீலோ காரணமாக இருந்து, அது சரிசெய்யப்படாமல் இருந்தால் அடுத்த எஞ்சினும் அதே வழியில் போகும். வண்டியைப் பெற்றபின் முதல் 1,000 கிலோமீட்டர் வரை அதிக வேகமும் அதிகப் பாரமும் தவிர்த்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, அந்த ரசீதையும் மற்ற ரசீதுகளோடு கோப்பில் சேர்த்து வையுங்கள். பின்னாளில் காரை வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.