வான் பாயும் வட்ஸ்அப்

“அவசரம். ஓ நெகட்டிவ் இரத்தம் தேவை. மன்னார் ஆஸ்பத்திரி. எல்லாரும் பகிரவும்.” இப்படி ஒரு செய்தி பேசாலையில் ஒருவருடைய கைபேசிக்கு வந்தால், அடுத்த நிமிடமே அது நானாட்டானில் இருக்கும் மச்சானுக்கும் டொரொன்டோவில் இருக்கும் சித்தப்பாவுக்கும் போய்விடும். டொரொன்டோவிலிருந்து மன்னாருக்கு இரத்தம் கொடுக்க முடியாதுதான். ஆனாலும் சித்தப்பா தன் பங்குக்கு மூன்று குழுக்களில் போட்டுவிடுவார். செய்தியில் திகதி இருக்காது. எந்த விடுதி, யாரைக் கேட்பது என்பதும் இருக்காது. நோயாளி குணமாகி வீடு திரும்பி, கட்டுக்கரை வயல்களில் ஒரு போகம் அறுத்து முடிந்த பிறகும் அதே செய்தி உலகம் சுற்றிவிட்டுப் பேசாலைக்கே வந்து சேரும்.

நல்ல மனத்தில் பிறக்கும் செய்திதான். சிக்கல் இரத்தத்தின் இயல்பில் இருக்கிறது. இரத்தம் என்பது களஞ்சியத்தில் அடுக்கி வைக்கும் நெல்மூட்டை அல்ல. ஒருவர் கொடுத்ததைப் பிரித்தெடுத்தால் செங்குருதிக் கலங்களைக் குளிரூட்டியில் 35 முதல் 42 நாட்கள் வரை வைத்திருக்கலாம். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஓராண்டு தாங்கும். டெங்குக் காலத்தில் எல்லாரும் பேசும் சிறுதட்டுகளுக்கோ ஆயுள் ஐந்தே நாட்கள். அவற்றைக் குளிரில் வைக்காமல், 20 முதல் 24 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுத்தவரோ இலங்கை விதிப்படி நான்கு மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். ஆக, ஒரு முகநூல் பதிவைப் பார்த்து இன்று நூறு பேர் ஓடிவந்து கொடுத்துவிட்டால், அந்த நூறு பேரும் நான்கு மாதத்துக்குக் கணக்கில் இல்லை. வாங்கி வைத்த செங்குருதிக் கலங்களும் சிறுதட்டுகளுமோ அதற்கு வெகு முன்னரே காலாவதியாகிவிடும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியாப் பிள்ளைக்கு இந்தத் திடீர்க் கூட்டத்தால் பெரிய பயன் இல்லை.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா இதைப் பெரிய அளவில் கண்டது. வழக்கத்தைவிட நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அலகு இரத்தம் கூடுதலாகச் சேர்ந்தது. காயப்பட்டவர்களுக்குத் தேவைப்பட்டது 300 அலகுகூட இல்லை. மிஞ்சியதில் கணிசமான பகுதியைக் கொட்டவேண்டியதாயிற்று. அப்போது முகநூலும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை. தொலைக்காட்சி ஒன்றே அந்த வேலையைச் செய்தது.

அருவி ஆற்று வெள்ளத்தைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்து, கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்பி, அங்கிருந்து வயலுக்கு விடும் ஊர் மன்னார்ப் பெருநிலம். குளம் நிறைந்து வான் பாய்வதைப் பார்க்கக் கூட்டம் கூடும். படமும் எடுப்பார்கள். பயிர் விளைவது என்னவோ துருசைத் திறந்து அளந்து விடும் தண்ணீரில்தான். சமூக ஊடகத்தை வைத்தியசாலைகள் கையாளும் விதத்தில் எது பலிக்கிறது, எது பலிக்கவில்லை என்று தேடினால், ஏறக்குறைய இதே வேறுபாடுதான் திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

உறுப்புதானத்தை எடுத்துக்கொள்வோம். 2012 மே 1ஆம் திகதி முகநூல் தன் அமெரிக்கப் பயனர்களுக்கு ஒரு புதிய வசதியைக் கொடுத்தது. “நான் உறுப்புதானம் செய்பவர்” என்று தம் பக்கத்தில் அறிவிக்கலாம். அங்கிருந்தே மாநிலப் பதிவேட்டுக்கும் போகலாம். வழக்கமாக நாளொன்றுக்கு 616 பேர் இணையவழி பதிவு செய்துவந்த இடத்தில், அந்த ஒரு நாளில் 13,054 பேர் பதிந்தார்கள். 21 மடங்கு. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சத்திரசிகிச்சை நிபுணர் அன்ட்ரூ கமரூனும் குழுவினரும் இதை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையில் அதிகம் எடுத்துச் சொல்லப்படாத பகுதி ஒன்று உண்டு. பன்னிரண்டு நாளுக்குள் அந்த அலை பெருமளவு வற்றிவிட்டது.

இந்தியாவில் 2017 அக்டோபர் 1ஆம் திகதி முகநூல் தொடங்கிய இரத்ததான வசதி சற்று வேறு வகை. விரும்புகிறவர் முதலிலேயே பெயரைப் பதிந்து வைப்பார். தேவை வரும்போது அருகில் இருப்பவர்களுக்கு மட்டும் அறிவிப்பு போகும். டொரொன்டோச் சித்தப்பா நிம்மதியாகத் தூங்கலாம். துருசு என்று சொல்லத்தக்க ஏற்பாடு அது.

இலங்கையில் இதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2014 முதல் இங்கே சேரும் இரத்தம் முழுவதும் தன்னார்வக் கொடையாளர்களிடமிருந்தே வருகிறது என்கிறது தேசிய இரத்தமாற்றுச் சேவை. உறவினரைக் கூட்டிவந்து ஈடுகட்டச் சொல்லும் பழக்கம் இல்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின்போது முகநூலும் வட்ஸ்அப்பும் யூடியூப்பும் முடக்கப்பட்டு, மாத இறுதியில்தான் திறந்துவிடப்பட்டன. அப்படியும் இரத்தம் கொடுக்க மக்கள் வரிசையில் நின்றார்கள். கோவில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை என்று ஆண்டுக்கணக்காக நடந்துவந்த இரத்ததான முகாம்களின் பழக்கம் அது.

இதற்கு நேர்மாறாக, ஒரே ஒரு பதிவு மலையைப் புரட்டிய நாளும் உண்டு. 2022 மார்ச் இறுதியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலை வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. ஊடகவியலாளர் ஒருவர் அதை ட்விட்டரில் போட, அப்போது கொழும்பிலேயே இருந்த இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அதற்கு நேரடியாகப் பதில் எழுதினார். எப்படி உதவலாம் என்று பேசும்படி தம் உயர்ஸ்தானிகருக்குச் சொல்வதாக அறிவித்தார். அடுத்த வாரங்களில் பச்சிளம் குழந்தைகளுக்கான சுவாசக் குழாய்கள் தீரப்போகின்றன என்று வைத்தியர்களே சமூக ஊடகத்தில் கைநீட்டினார்கள். அந்தச் செய்திகளில் இன்ன பொருள், இன்ன இடம், இன்ன நேரம் என்ற தெளிவு இருந்தது. உதவி செய்ய நினைத்தவருக்குக் கேள்வியே மிஞ்சவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் அரச ஊழியர்கள் சமூக ஊடகங்களில் கருத்துச் சொல்வதைத் தடுக்கும் சுற்றறிக்கை வந்தது. அரச ஊழியருக்கான தாபனக் கோவை ஏற்கெனவே சொன்னதன் நீட்சிதான். பாடசாலைப் பிள்ளைகள் பசியால் மயங்குகிறார்கள் என்று சுகாதார அதிகாரிகளும் ஆசிரியர்களும் பேசியதை அடுத்து வந்த கட்டளை என்பதால் அது பெரிதாகப் பேசப்பட்டது.

வாயைக் கட்டினால் பேச்சு நிற்காது, இடம் மாறும். 2024 நடுப்பகுதியில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் பதில் அத்தியட்சகராக இருந்த வைத்தியர் இராமநாதன் அர்ச்சுனா, அங்கே நடப்பதாகத் தாம் கருதியவற்றை முகநூல் நேரலையில் பேசத் தொடங்கினார். வடக்கே அதைப் பார்க்காத வீடு குறைவு. அந்த ஜூலையில் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் பிரசவத்துக்குப் பின் ஓர் இளந்தாய் இறந்தபோது ஊரின் துயரமும் கோபமும் கைபேசி வழியே பரவின. ஆகஸ்ட் தொடக்கத்தில் அர்ச்சுனா அந்த வைத்தியசாலைக்குப் போனார். அனுமதியின்றி நுழைந்து கடமைக்கு இடையூறு செய்தார் என்ற முறைப்பாட்டில் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டார். நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து சுயேச்சையாக நாடாளுமன்றம் போனார்.

அவர் சரியா தவறா என்பது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. கவனிக்க வேண்டியது ஒரு சமனின்மை. இழந்த குடும்பம் எல்லாவற்றையும் பேசலாம், பேசவும் வேண்டும். வைத்தியசாலைக்கோ நோயாளியின் விவரம் எதையும் வெளியே சொல்ல உரிமை இல்லை. அது வைத்திய ஒழுக்கம். ஆனால் ஒழுக்கத்தின் பெயரால் முழு மௌனம் காப்பதுதான் நடக்கிறது. விசாரணை தொடங்கியதா, யார் செய்கிறார்கள், எப்போது முடியும், குடும்பத்துக்கு யார் பொறுப்பாகப் பதில் சொல்வார் என்ற நான்கையும் சொல்ல எந்த நோயாளியின் கோப்பையும் திறக்கவேண்டியதில்லை.

சரி, முகநூலில் நல்ல பெயர் வாங்கும் வைத்தியசாலை நல்ல வைத்தியசாலையா? நியூயோர்க் சுற்றுவட்டாரத்தில் 40 வைத்தியசாலைகளை வைத்து 2013இல் வந்த ஓர் ஆய்வு இதைக் கேட்டது. முப்பது நாள் இறப்பு வீதம் ஒரு சதவீதப் புள்ளி குறைவாக இருந்த இடத்தில், முகநூலில் ஏறக்குறைய 93 ‘லைக்’குகள் கூடுதலாக இருந்தனவாம். சுவையான கணக்கு. லைக் போட்டால் இறப்பு குறையும் என்று யாரும் படித்துவிடக் கூடாது. 40 என்பதும் சின்ன எண்தான்.

சுகாதாரத் துறை ஊரோடு பேசுவதில் மன்னாருக்குச் சொந்த அவசரம் ஒன்று உண்டு. 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய மலேரியா இல்லை என்பதால், 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னார்த் தீவின் கிணறுகளில் அனொபிலிஸ் ஸ்டெபன்ஸி என்ற நுளம்பின் குடம்பிகள் அகப்பட்டன. இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் இனம், இலங்கையில் முதன்முறை. குடம்பி தின்னும் மீன்களைக் கிணற்றில் விடுவது, பாவிக்காத கிணற்றை மூடுவது எல்லாம் வீட்டுக்காரர் ஒத்துழைத்தால்தான் நடக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வாசலுக்கு வருமுன்னே, அவர் ஏன் வருகிறார் என்பது ஊர்க் குழுவில் அவர் குரலிலேயே ஓர் ஒலிப்பதிவாக வந்திருந்தால் கதவு சுலபமாகத் திறக்கும்.

அமெரிக்காவில் டெட்ரொயிட்டின் ஹென்றி ஃபோர்ட் வைத்தியசாலை 2009 பெப்ரவரியிலேயே ஒரு சிறுநீரகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையை ட்விட்டரில் நேரலையாக எழுதிக் காட்டியது. மன்னாருக்கு அந்த வித்தை வேண்டாம். தலைமன்னாரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் ஏறி, தீவின் முழு நீளத்தையும் கடந்து டவுனுக்கு வந்து, இலக்கம் எடுத்து உட்கார்ந்த பிறகுதான் “டொக்டர் இண்டைக்கு லீவு” என்று கேள்விப்படும் அம்மாவுக்கு, முந்தின நாள் மாலை ஒரு வரி போதும்: நாளைக்குக் கண் கிளினிக் இல்லை, வியாழக்கிழமை வாருங்கள். அதில் திகதியும் இருக்க வேண்டும்.