உடலைத் தாங்கும் மூன்று தூண்கள்

வீடு ஒன்று நிலைபெற்று நிற்க வேண்டுமாயின், அதனைத் தாங்கும் தூண்கள் உறுதியாய் இருத்தல் வேண்டும். ஒரு தூண் சாய்ந்தாலும் கூரை முழுவதும் ஆட்டங் காணும். மனித உடலையும் இத்தகைய வீடாகவே பண்டை இந்திய மருத்துவர் கருதினர். வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றுமே அவ்வீட்டின் தூண்கள் என்று சுசுருத சம்ஹிதை என்னும் வடமொழி நூல் கூறுகின்றது. சரகர், சுசுருதர், வாக்படர் ஆகியோர் பெயரால் வழங்கும் ஆயுர்வேதப் பெருநூல்கள் யாவும் இக்கொள்கையையே அடிப்படையாகக் கொண்டவை.

வாதம் காற்றின் கூறு. மூச்சு இயங்குவதும், கைகால்கள் அசைவதும், கழிவுகள் வெளியேறுவதும் அதன் செயல்கள் என்பர். பித்தம் நெருப்பின் கூறு. உண்ட உணவைச் செரிக்கச் செய்தலும், உடலின் வெம்மையைக் காத்தலும் அதன் தொழில்கள். கபம் நீரின் கூறு. மூட்டுகளுக்கு நெய்ப்பசை அளித்தலும், உடலுக்குத் திண்மை ஊட்டலும் அதன்பாற்பட்டன. காற்று அசைத்தும், கதிரவன் ஈரத்தை உறிஞ்சியும், திங்கள் குளிர்ச்சியைப் பொழிந்தும் உலகைத் தாங்குவதுபோல, இம்மூன்றும் உடலைத் தாங்குகின்றன என்று அந்நூல் உவமை கூறுகின்றது. புறத்தே கண்ட இயற்கையை உடலின் அகத்தேயும் கண்ட பெருநோக்கு இது.

இம்மூன்றும் உடல் முழுவதும் பரவியிருப்பினும், ஒவ்வொன்றுக்கும் உரிய காலம் உண்டு. இளமையில் கபமும், நடுவயதில் பித்தமும், முதுமையில் வாதமும் மேலோங்கும். ஒரு பகற்பொழுதிலும் காலை கபத்துக்கும், நண்பகல் பித்தத்துக்கும், மாலை வாதத்துக்கும் உரியனவாம்.

இவற்றைத் 'திரிதோஷம்' என்பர். தோஷம் என்பதற்குக் குற்றம் என்று பொருள். உடலைத் தாங்குவனவற்றைக் குற்றம் என்று அழைப்பானேன்? தத்தம் அளவில் நிற்கும்போது இவை உடலைக் காக்கின்றன; அளவு கூடினாலும் குறைந்தாலும் இவையே உடலைக் கெடுக்கின்றன. திருவள்ளுவரும் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலேயே இம்மூன்றையும் சுட்டுகின்றார். தமிழ்ச் சித்த மருத்துவத்தில் இவை வளி, அழல், ஐயம் எனவும் வழங்கும்.

ஒத்த குணம் ஒன்றை வளர்க்கும். மாறான குணம் அதனைத் தணிக்கும் என்பது ஆயுர்வேத மருத்துவத்தின் விதி. வாதம் வறட்சியும் குளிர்ச்சியும் உடையது; ஆதலின் எண்ணெயும் வெந்நீரும் சூடான உணவும் அதனைத் தணிக்கும். கபம் கனமும் மந்தமும் உடையது. ஆதலின் பகலுறக்கம் அதனை வளர்க்கும், உடற்பயிற்சி அதனைக் குறைக்கும். மருத்துவன் நோயை மட்டும் நோக்குதல் போதாது. நோயாளியின் வயது, உடலமைப்பு, செரிக்கும் ஆற்றல், வாழும் நிலம், பருவம் ஆகியவற்றையும் ஆராய்தல் வேண்டும். ஆகவே, ஒரே நோயுற்ற இருவருக்கு வெவ்வேறு மருந்து அளிப்பதும் உண்டு.

இக்கொள்கையை இன்று முழுவதும் ஏற்கலாமா? காசநோயை எடுத்துக்கொள்வோம். அளவு மீறிய உழைப்பு, இயற்கை வேகங்களை அடக்குதல், உடல் தேய்வு, ஒழுங்கற்ற உணவு ஆகியவற்றால் மூன்று தோஷங்களும் சீர்கெட்டு அந்நோய் தோன்றும் என்று சரகர் நூல் கூறிற்று. 1882ஆம் ஆண்டில் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர், அந்நோய்க்குக் காரணமான கிருமியை நுண்ணோக்கியின் வழியே கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். பண்டையோர் கண்ணுக்கு அக்கிருமி புலப்பட வழியில்லை. இன்று அதனைக் கொல்லும் மருந்துகளை உரிய காலம்வரை தவறாது உண்டாலன்றி அந்நோய் நீங்காது. உணவு நெறி ஒன்றையே நம்பி அம்மருந்துகளைக் கைவிடுபவர் தம் உயிரையே இழக்க நேரிடும்.

ஆயினும், பண்டையோர் கண்டது முற்றும் பொய்யன்று. போதிய உணவின்றி மெலிந்த உடலில் காசநோய் எளிதில் வேரூன்றும் என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கின்றது. கிருமி வித்து எனின், உடல் அது விழும் நிலமாகும். வித்தை அறியாத காலத்திலும் அவர்கள் நிலத்தின் இயல்பைக் கூர்ந்து நோக்கினர்.

மாணவர்களே! பழையது என்பதால் ஒன்றை இகழ்தலும் வேண்டா. பழையது என்பதாலேயே நம்புதலும் வேண்டா. நோயுற்றால் தக்க மருத்துவரை நாடுங்கள். நோய் வாராதிருக்க, உணவிலும் உழைப்பிலும் உறக்கத்திலும் அளவறிந்து வாழுங்கள்.