அலகும் இறகும்: குளிரை வெல்லும் பட்டாணிக்குருவி

ஒஸ்லோவின் வடகிழக்கே, ஹவுகன்ஸ்டுவாவின் தொடர்மாடிகளிடையே நிற்கும் இலையுதிர்ந்த மரங்களைத் தை மாதத்தில் நோக்குவோர், பந்துபோல் உப்பிய சிறு குருவிகளைக் காண்பர். குளிருக்குக் கொழுத்துவிட்டன என எண்ணுவாருமுளர். அது கொழுப்பன்று, காற்று. நோர்வேயர் ஷொட்மைஸ் என அழைக்கும் இப்பட்டாணிக்குருவியின் நிறை ஏறத்தாழ 20 கிராம். பகலில் அதன் உடல் வெப்பமோ 40 பாகைக்கு மேல். உறைநிலைக்குக் கீழே 15 பாகைக் குளிரில் அவ்வெப்பத்தைக் காப்பது, இறகுகளிடையே அடைபட்ட காற்றே.

முளைத்து முடிந்த இறகு, நமது நகம்போல் உயிரற்ற பொருள். கிழிந்தால் தானே ஆறாது. கோடை இறுதியில் ஆண்டுக்கொருமுறை இறகுதிர்த்துப் புதியது முளைக்கும்வரை உள்ளதைப் பேணியே ஆகவேண்டும். இறகின் இழைகள் நுண்ணிய கொக்கிகளால் ஒன்றோடொன்று பிணைந்தவை. பிணைப்பு விலகினால் பறவை அவ்விறகை அலகிடை உருவ, கொக்கிகள் மீண்டும் பூட்டிக்கொள்கின்றன. வாலடியிலுள்ள சுரப்பியின் எண்ணெயை எடுத்துப் பூசுவதும் அலகே. அலகு எட்டாத தலையைக் காலால் கோதும்.

அலகு, அதாவது நம் பேச்சுவழக்கிற் சொண்டு, ஓயாது வளர்வது, தேய்ந்துகொண்டேயிருக்க வேண்டியது. கிளையில் அதனை இருபுறமும் தீட்டுவதும் துடைப்பதும் அதற்குத் துணைசெய்யும். மேலலகின் நுனியிற் சிறிது கீழ்நோக்கி வளைந்த பகுதி வீணன்று. 2005 இல் அமெரிக்க ஆய்வாளர் புறாக்களின் அந்நுனியை மட்டும் நறுக்கிப் பார்த்தனர். புறாக்கள் வழமைபோல் உண்டன. ஆனால் இறகுப்பேன் பெருகிற்று.

யாழ்ப்பாணக் கடனீரேரியில், களங்கண்டிக் கம்புகளின்மேல் சிறகு விரித்து நிற்கும் நீர்க்காகத்தை அறியாதார் யார்? அதன் வெளியிறகு நீரை ஏற்பதால் மூழ்குவது எளிதாகிறது. பின்னர் உலர்த்தியே ஆகவேண்டும். ஒஸ்லோ குடாக்கரையிலும் நீர்க்காகங்கள் இவ்வாறே நிற்கின்றன.

இப்பேணலை முறியடிப்பது அயல் எண்ணெய். 2009 யூலை 31 இல் லாங்கசுண்ட் அருகே 'ஃபுல் சிற்றி' என்ற கப்பல் தரைதட்டியபோது எய்டர் வாத்துகள் எண்ணெயில் தோய்ந்தன. எண்ணெய் படிந்த இறகு ஒட்டிக்கொள்ள, காற்று வெளியேறிக் குளிர்நீர் தோலைத் தொடும். கோதும் பறவை நஞ்சையும் விழுங்கும்.

நம் வீட்டு மாடத்திலும் இதன் சிறு வடிவம் நிகழக்கூடும். பொரித்த எண்ணெயும் இறைச்சிக் குழம்பின் கொழுப்பும் இரக்கத்தோடு வெளியே வைக்கப்படுகின்றன. இளகிய கொழுப்பு இறகில் அப்பிக்கொள்ளும். அதிலுள்ள உப்பும் தீதே. உப்பிடாத சூரியகாந்தி விதையோ, கடைகளில் விற்கும் கெட்டிக் கொழுப்புருண்டையோ வைத்தல் நன்று.