விசிட்டிங் கார்டின் பின்பக்கம்

2000-களின் தொடக்கத்தில் சென்னையின் தரைவழித் தொலைபேசி எண்களுக்கு முன்னால் ஒரு 2 வந்து ஒட்டிக்கொண்டது. ஏழு இலக்கம் எட்டானது. ஊரில் இருந்த அத்தனை விசிட்டிங் கார்டும் ஒரே வீச்சில் தப்பாகிப்போயின. வசதியுள்ளவர்கள் புதிதாக அச்சடித்தார்கள். மற்றவர்கள் பேனாவால் ஒரு 2 போட்டுக் கொடுத்துச் சமாளித்தார்கள். 1996-ல் மெட்ராஸ் சென்னையானபோது அந்தச் சிரமம்கூட எடுக்காமல், பழைய பெயரோடே கட்டைத் தீர்த்தவர்கள் உண்டு.

அதற்கும் முந்தைய கார்டுகள் ட்ரெடில் மிஷினில் அடித்தவை. கம்பாசிட்டர் ஈய எழுத்துகளைக் கோத்துக் கொடுப்பார். மேலே பிள்ளையார் சுழியோ 'ஸ்ரீ முருகன் துணை'யோ, நடுவில் பெயர், கீழே விலாசம். சொந்தமாக போன் இல்லாதவர் பக்கத்து வீட்டு எண்ணைப் போட்டு 'பி.பி.' என்று சேர்த்துக்கொள்வார். மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குலம். ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்ல நினைத்ததெல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். பிறகு ஸ்கிரீன் பிரிண்டிங், கோரல்டிரா, சிவகாசி மல்டிகலர் எல்லாம் வந்தன. பலருடைய கார்டுகளை ஒரே பெரிய தாளில் சேர்த்து ஆஃப்செட்டில் அடித்து வெட்டுவதால் விலை மலிவு. ஆனால் ஆயிரமாக வாங்க வேண்டும். ஆயிரம் பேருக்குக் கார்டு நீட்டும் தொழில் எத்தனை பேருக்கு வாய்க்கிறது? மிச்சக் கட்டு வீட்டில் பிள்ளைகள் கணக்குப் போட உதவியது.

எனக்குக் கார்டில் பிடித்த பகுதி அதன் வெற்றுப் பின்பக்கம். சமையல்காரர் கொடுத்த கார்டின் பின்னால், 'பெரியக்கா கல்யாணத்துக்குச் செய்தவர், ரசம் பிரமாதம்' என்று வாங்கியவர் எழுதி வைப்பார். பெரிய அதிகாரி தன் கார்டைத் திருப்பி, 'நம்ம பையன், பார்த்துச் செய்யவும்' என்று கிறுக்கிக் கையெழுத்துப் போட்டால் அது சிபாரிசுக் கடிதம். கொடுத்தவர் கையை விட்டுப் போனதும் கார்டு வாங்கியவருடைய சொத்தாகிவிட்டது. பளபளவென்று லேமினேஷன் வந்தபோதே அதில் பேனா வழுக்கத் தொடங்கியது என்பதால், பின்பக்கத்தில் எழுதுவது குறைந்ததற்கு இணையத்தின் தலையில் முழுப் பழியையும் போட மாட்டேன்.

இன்று அதே சமையல் காண்ட்ராக்டருக்குத் தன் பெயரில் ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. இலை போட்ட பந்தியின் படம், மெனு, வரைபடம், வாட்ஸ்அப் பொத்தான். 'அறுசுவைச் சக்கரவர்த்தி' என்று கார்டில் போட்டுக்கொண்ட பட்டத்தைவிட அந்தப் பந்திப் படம் நம்பும்படி இருக்கிறது. எண் மாறினாலும் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். இதில் நான் பக்கத்தின் கட்சிதான்.

பக்கத்தைக் கைமாற்றிக் கொடுக்க ஒரு கியூஆர் சதுரம். ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹராவின் குழு 1994-ல் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க உருவாக்கியது அது. நம் ஊர்க் கைகளுக்கு அதைப் பழக்கிவிட்டது டீக்கடை யூபிஐ அட்டை. ஆனால் சதுரங்களில் சாதி இரண்டு. ஒன்று பெயரையும் எண்ணையும் தனக்குள்ளேயே வைத்திருக்கும். அச்சடித்த பிறகு பழைய கார்டைப் போலவே திருத்த முடியாது. மற்றது ஒரு முகவரியை மட்டும் வைத்திருக்கும்; அங்கே போனால் இன்றைய விவரம் கிடைக்கும். இரண்டாவதைச் சந்தா வாங்கிக்கொண்டு தரும் சேவைகளும் உண்டு. சந்தா கட்ட மறந்தால் அச்சடித்த சதுரம் வெறும் கோலம்தான்.

இலவசத்தை நம்பினாலும் இதே கதை. சிறு கடைகளுக்கு கூகுள் காசில்லாமல் தந்த இணையப் பக்கங்களை 2024 மார்ச்சில் அந்த நிறுவனமே மூடியது. அந்த முகவரிகள் ஜூன் வரை கூகுளில் உள்ள கடை விவரத்துக்குத் திருப்பிவிட்டன, பிறகு அதுவும் நின்றது. முகவரியைக் கார்டிலும் பெயர்ப் பலகையிலும் அடித்து வைத்திருந்தவர்கள் மறுபடி அச்சகத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. பி.பி. எண் போட்டவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போனால் என்ன கதியோ, அதேதான். பணம் கட்டிச் சொந்தப் பெயரில் முகவரி வாங்கி, ஆண்டுதோறும் மறக்காமல் புதுப்பிக்கிறவர் தப்பித்தார்.

பின்பக்கத்துக் குறிப்பு என்ன ஆனது? போனில் பெயர் பதிகிற இடத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. 'பிளம்பர் முருகன் கோயில் தெரு', 'சமையல் பெரியக்கா கல்யாணம்' என்றெல்லாம் பதிந்து வைத்திருக்கிறோமே, அது. தான் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறோம் என்பது காண்ட்ராக்டருக்குத் தெரியவே தெரியாது. அவர் பக்கத்தில் எத்தனை அலங்காரம் செய்தாலும் அந்த இடத்தில் அவர் கை வைக்க முடியாது.

அலங்காரம் என்றதும் ஒன்று. இந்தப் பக்கங்கள் பலவற்றில் தொலைபேசி எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. முதலில் ஒரு வரவேற்பு வீடியோ, அப்புறம் 'எங்களைப் பற்றி', அப்புறம் பாராட்டுகள், கடைசியில் எங்கோ அடியில் பொடி எழுத்தில் எண். நிச்சயதார்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சமையலுக்கு ஆள் தேடுகிற பெண்ணின் அப்பாவுக்கு வீடியோ எதற்கு?