கேட் இல்லாத இடத்தில் ஹாரன் எதற்கு?

சென்னை தரமணியில் ரயில் தரையில் ஓடுவதில்லை. 2007-ல் திருமயிலையிலிருந்து வேளச்சேரிவரை நீட்டிக்கப்பட்ட பறக்கும் ரயில், தூண்களின் மேலே போகிறது. கீழே மாநகரப் பேருந்தும் தண்ணீர் லாரியும் தம் போக்கில் போகின்றன. ரயிலும் சாலையும் சந்திக்கவே இல்லை. அதனால் கேட்டும் இல்லை, கேட்டுக்காக ஹாரன் ஊத வேண்டிய அவசியமும் இல்லை. இது எவ்வளவு பெரிய வசதி என்பது தரைப்பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

லெவல் கிராசிங்குக்கு 600 மீட்டர் முன்பு தண்டவாளத்தின் ஓரம் மஞ்சள் பலகை ஒன்று நிற்கும். அங்கிருந்து கேட்டைத் தாண்டும்வரை ஓட்டுநர் ஹாரன் ஊதியாக வேண்டும். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரம் சுமார் 20 விநாடிப் பயணம். குறுக்கே நிற்பவர் விலகிக்கொள்ள அது போதும். ஆனால் நீளமான விரைவு ரயில், அவசர பிரேக் போட்டாலும் அதற்குள் நிற்பது கடினம். ரயிலால் விலகவும் முடியாது.

அந்த 20 விநாடிக்குள் ஓர் அதிசயமும் நடக்கிறது. நம்மை நோக்கி வரும்போது ஒலி அலைகள் நெருக்கப்பட்டுச் சுருதி கூடுகிறது. கடந்து போகும்போது அலைகள் விரிந்து சுருதி இறங்குகிறது. இதுதான் டாப்ளர் விளைவு. 1845-ல் டச்சு அறிவியலாளர் பைஸ் பாலட் இதைச் சோதித்ததே ஒரு ரயிலில்தான். ஊதுகருவிக் கலைஞர்களை உட்ரெக்ட் அருகே ரயிலில் ஏற்றி ஒரே சுரத்தை ஊதவைத்தார். பாதையோரம் நின்ற இசைக்கலைஞர்கள் சுருதி மாறுவதைக் காதால் அளந்தார்கள். 110 கி.மீ. வேகத்துக்குக் கணக்குப் போட்டால், வரும்போதும் போகும்போதும் கேட்கும் சுருதிகளின் விகிதம் ஏறக்குறைய ஆறுக்கு ஐந்து. சாதாரண காந்தாரத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்கும் அதே இடைவெளி!

ராத்திரியில் ஹாரன் வெகுதூரம் கேட்பதற்கு ஊர் அடங்குவது மட்டும் காரணமல்ல. பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடுகிறது. மார்கழி விடியற்காலையில் தரை குளிர்ந்து, மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக இருக்கும். வெப்பக் காற்றில் ஒலிக்கு வேகம் அதிகம். அதனால் மேலே போன ஒலியும் வளைந்து கீழே, வீடுகளை நோக்கியே திரும்புகிறது. குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த இரவு வரம்பு 45 டெசிபல். 30 மீட்டரில் 96 டெசிபல் ஒலிக்கும் ஹாரன், தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறைந்தாலும், திறந்தவெளியில் ஒரு கிலோமீட்டர் தள்ளி 66 டெசிபல் அளவில் கேட்கும்.

அப்படியானால் தடை போட்டுவிடலாமே? அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் அதைச் செய்து பார்த்தது. 1984-க்குப் பிறகு அங்கே பல ஊர்களின் கிராசிங்குகளில் இரவு ஹாரன் நிறுத்தப்பட்டது. விளைவு, அந்த இடங்களில் இரவு விபத்துகள் ஏறக்குறைய மூன்று மடங்காயின. 1991-ல் அமெரிக்க மத்திய அரசின் ரயில்வே நிர்வாகம் தலையிட்டு மீண்டும் ஊதச் சொன்னது.

அந்தப் பாடத்திலிருந்து பிறந்ததுதான் 2005-ல் அமலுக்கு வந்த அமைதி மண்டல விதி. அமைதி வேண்டும் என்று மக்கள் கேட்டால், உள்ளாட்சி அமைப்பு முதலில் ஹாரன் தந்த பாதுகாப்புக்கு ஈடு செய்ய வேண்டும். சாலையின் இரு பக்கமும் முழு அகலத்துக்கும் இறங்கும் தடுப்புகள் வைக்கலாம், வண்டிகள் கேட்டைச் சுற்றிக்கொண்டு நுழையாதபடி நடுத்தடுப்பு கட்டலாம், கிராசிங்கையே மூடிவிடலாம். கேட் கம்பத்திலேயே ஹாரனைப் பொருத்தி, சாலையை மட்டும் நோக்கி ஒலிக்கவிடும் முறையும் உண்டு.

நம் ஊரிலும் இதற்கு இணையான முயற்சி இருக்கிறது. குரோம்பேட்டை ராதா நகர் கேட்டில் சுரங்கப்பாதை வேண்டுமென்று மக்கள் பல ஆண்டுகள் கோரினார்கள். அவர்கள் கேட்டது காத்திருப்பும் ஆபத்தும் தீர வேண்டும் என்றுதான். ஆனால் ஒரு கிராசிங் ஒழிந்தால், அதற்காக ஊதும் ஹாரனும் கூடவே ஒழிகிறது. எனவே மேம்பாலத்துக்கும் சுரங்கப்பாதைக்கும் மனு கொடுக்கும் குடியிருப்போர் சங்கங்கள், போக்குவரத்து நெரிசலோடு இரவுத் தூக்கத்தையும் ஒரு காரணமாகத் தயங்காமல் எழுதலாம். ஓட்டுநரிடம் ஊதாதே என்று சொல்வது நியாயமில்லை; அவர் ஊதத் தேவையில்லாத பாதையைக் கட்டித் தரச் சொல்வது நம் உரிமை.