பழம்பாணி ஆடை தைத்தல்

இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் வழங்கிய உடைகளின் பாங்கை விரும்பி, அவற்றைத் தம் கையாலேயே தைத்து அணிவோர் இக்காலத்து மேனாடுகளில் அநேகர் உளர். தமக்கேயன்றித் தம் தோழியர்க்கும் அவர் தைத்துக் கொடுக்கின்றனர். இது வெறும் பொழுதுபோக்கெனத் தோன்றினும், இதனுள் அடங்கிய நுட்பங்கள் சில நம் மாணவரும் அறியத்தக்கன.

இத்தொழிலுக்கு ஆதாரமாவது காகித மாதிரி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்து ஸ்டெர்லிங் என்னும் ஊரில் வாழ்ந்த எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர், 1863-ஆம் ஆண்டில், வெவ்வேறு அளவுகளுக்கு ஏற்ப வெட்டிய காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். தையல் இயந்திரம் வீடுகளிற் புகுந்துகொண்டிருந்த காலமும் அதுவே. ஆகவே, கைதேர்ந்த தையற்காரரை நாட இயலாத குடும்பத்துப் பெண்களும் நாகரிக உடை தைக்க வல்லவராயினர். பழைய மாதிரிகள் பலவற்றில் அச்செழுத்து இராது. சிறு துளைகளே குறிகளாக நிற்கும்.

உடையின் வடிவத்திற்குக் காலமும் காரணமாகும். பிரிட்டனில் யுத்தத்தை முன்னிட்டு 1941 ஜூன் முதல் தேதி துணிப் பங்கீடு ஏற்பட்டது. முதலாண்டில் ஒருவருக்குக் கிடைத்தவை 66 சீட்டுகளே. பெண்டிர் அணியும் கம்பளிக் கவுன் ஒன்றிற்கே 11 சீட்டுகள் வேண்டியிருந்தன. மடிப்புகளுக்கும் பொத்தான்களுக்கும்கூட வரம்பு விதிக்கப்பட்டது. ஆதலின் அக்காலத்துப் பாவாடைகள் குறுகியும் நேராகவும் அமைந்தன. 1947-இல் பாரிஸ் நகரத்துக் கிறிஸ்தியன் டியோர், பல கஜம் துணி கொள்ளும் அகன்ற பாவாடைகளை வெளியிட்டதும் அவை பெரும் பரபரப்பை விளைத்ததற்கு, அதுவரை நிலவிய அப்பற்றாக்குறையே காரணம்.

இனி, தைக்கப் புகுவோர் முதலில் அஞ்சவேண்டியது மாதிரியின் மேலுள்ள எண்ணையே. 1940-களின் அமெரிக்க மாதிரிகளில் 14 என்னும் எண் 32 அங்குல மார்பளவைக் குறித்தது. இன்றைய மாதிரிகளில் அதே எண் 36 அங்குலத்தைக் குறிக்கிறது. இதனை அறியாமல், எண்ணை நம்பித் தோழி ஒருவருக்கு யாம் ஒருமுறை தைத்த மேற்சட்டை பொத்தானிட இயலாது நின்றது. அவரோ தம் உடலையே குறைகூறிக்கொண்டார். பிழை எம்முடையது என்று அவரைத் தெளிவிப்பது, சட்டையைத் திருத்துவதினும் கடினமாயிருந்தது.

ஆகவே மார்பு, இடை, இடுப்பு, முதுகின் நீளம் ஆகியவற்றை நாடாவால் அளந்து, மாதிரியோடு ஒப்பிட்டு, வேண்டுமிடத்து விரித்தும் சுருக்கியும் கொள்ளல் வேண்டும். மூச்சுவிடவும் அசையவும் உடலளவினும் சிறிது தளர்ச்சி விடுதல் அவசியம். பின்னர் விலை குறைந்த காடாத்துணியில் ஓட்டுத்தையலிட்டு, உடுப்பவரை அணியச்செய்து, உட்காரவும் கையுயர்த்தவும் சொல்லிப் பார்க்கவேண்டும். இறுக்கம் கண்ட இடத்தைத் திருத்தி, அக்காடாத்துணியையே பிரித்து மாதிரியாகக் கொள்ளலாம். நல்ல துணியைக் கத்தரித்தபின் வருந்திப் பயனில்லை.

1930-களின் உடைகள் பல, துணியை மூலைவாட்டில் வெட்டித் தைக்கப்பட்டவை. பாவும் ஊடையும் அப்போது சாய்வாக அமைதலின் துணி நெகிழ்ந்து உடலோடு இசைந்து விழும். ஆனால் அது தன் பாரத்தாலேயே நீளவுங்கூடும். ஒருநாள் முழுதும் தொங்கவிட்டு, அதன்பின் அடியோரத்தை மடித்துத் தைத்தலே முறை. பக்கத்தையல்களில் ஓர் அங்குலம் உள்ளே விட்டுவைப்பின், பிற்காலத்தில் பிரித்துப் பெரிதாக்கலாம்.

யோப்பா பட்டணத்துத் தொற்காள் மரித்தபொழுது, அவள் தைத்துக்கொடுத்த வஸ்திரங்களைக் கைம்பெண்கள் அழுதுகொண்டே காட்டினர் என்று வேதத்தில் வாசிக்கிறோம். அவ்வாடைகளின் பாங்கு இன்னதென்று அங்கே சொல்லப்படவில்லை. பாங்கு எக்காலத்ததாயினும் ஆகுக. தைத்துக் கொடுக்கும் நாம், பெறுபவரை ஒருமுறைக்கு இருமுறை அளந்தறிந்து, அவர் நாணாமல் உடுத்தத்தக்கதாய்த் தைத்துக் கொடுப்போமாக.