சூரியனைப் பார்க்கலாம்... ஆனால் நேராக அல்ல!

உங்கள் வீட்டுப் பிள்ளை பிறந்த நாளுக்கு டெலஸ்கோப் கேட்கிறானா? 'சூரியனில் புள்ளி இருக்காமே, பார்க்கணும்' என்கிறானா? வேண்டாம் என்று அதட்டாதீர்கள். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் டெலஸ்கோப்பைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் விழித்திரைக்கு வலி தெரியாது. கையில் சூடு பட்டால் சட்டென்று இழுத்துக்கொள்கிறோம். சூரிய ஒளி விழித்திரையைச் சிதைக்கும்போது அப்படி எந்த எச்சரிக்கையும் வராது. பார்த்துவிட்டுச் சாப்பிட்டுவிட்டு விளையாடப் போய்விடுவான் பையன். சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் ஒரு புள்ளி மறைக்கும், எழுத்து நெளிந்து தெரியும். சிலருக்குச் சில வாரங்களில், மாதங்களில் சரியாகிறது. சிலருக்கு அந்தப் புள்ளி நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. சிறு பிள்ளைகளின் கண் வில்லை தெளிவாக இருப்பதால் அவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

'கிரகணத்தன்னைக்கு மட்டும்தானே டாக்டர் ஆபத்து?' என்பார்கள். இல்லை. சூரியன் என்றைக்கும் அதே சூரியன்தான். கிரகண நேரத்தில் கூச்சம் குறைவதால் தைரியமாக உற்றுப் பார்த்துவிடுகிறோம், அவ்வளவுதான். உதய சூரியனை வெறித்துப் பார்த்தால் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் போடலாம் என்று சிலர் சொல்வதையும் நம்பாதீர்கள். நமஸ்காரம் செய்யுங்கள், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு செய்யுங்கள்.

கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, சி.டி. எதுவும் உதவாது. தாம்பாளத்து மஞ்சள் தண்ணீர்? உச்சி வெயிலில் தண்ணீர் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. சூரியனைப் பார்க்கவென்றே செய்த வடிகட்டியோ சுமார் ஒரு லட்சத்தில் ஒரு பங்கைத்தான் விடும். வித்தியாசத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் எப்படித்தான் பார்ப்பது? சூரியனை விட்டுவிட்டு அதன் பிம்பத்தைப் பாருங்கள்!

நம் தர்மபுரிப் பக்கம் புளிய மரத்துக்குப் பஞ்சமில்லை. அதன் நிழலில் வட்ட வட்டமாக விழும் வெளிச்சத்தைக் கவனித்திருக்கிறீர்களா? இலை இடுக்குகள் வழியே விழும் சூரிய பிம்பங்கள் அவை. 2019 டிசம்பர் 26 அன்று கோவை, கரூர், திருச்சிப் பக்கம் சூரியன் வளையமாகத் தெரிந்தபோது, நம் ஊரில் பிறையாகத் தெரிந்தது. அன்றைக்கு மரத்தடி வட்டங்களும் பிறைகள்தான்.

இதையே வீட்டில் செய்யலாம். முகம் பார்க்கும் சிறு கண்ணாடியின் மேல், நடுவில் கால் அங்குல ஓட்டை போட்ட அட்டையை ஒட்டுங்கள். வெயிலில் வைத்து, 60 அடி தள்ளியுள்ள இருட்டறைச் சுவரில் ஒளி விழச் செய்யுங்கள். அரை அடிக்குச் சற்றுப் பெரிதாகச் சூரியன் வந்து உட்காரும். பார்க்கிறவர்கள் சுவரைத்தான் பார்க்க வேண்டும், கண்ணாடியை அல்ல.

புள்ளிகளைப் பார்க்கச் சிறு டெலஸ்கோப் வேண்டும். வடிகட்டி அதன் முன்வாயில், சூரியனை நோக்கிய பக்கம் இறுக்கமாக இருக்க வேண்டும். கண் வைக்கும் பக்கம் திருகுகிற சிறு கறுப்பு வில்லை மலிவுக் கருவிகளோடு வந்தால் குப்பையில் போடுங்கள். சூட்டில் அது வெடித்தால் கண் போச்சு. குறி பார்க்கும் சின்னக் குழாயையும் மூடிவிடுங்கள். இப்படிப் பாதுகாப்பு செய்த பிறகு செல்போனைக் கண் வைக்கும் இடத்தில் பொருத்தினால் படமும் எடுக்கலாம். வடிகட்டியில் கீறலோ ஊசி ஓட்டையோ இருந்தால் அன்றைக்குக் கடையைக் கட்டுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் எதுவும் வேண்டாம்.

நோட்டில் ஒரு வட்டம் போட்டு, தினமும் ஒரே நேரத்தில் புள்ளிகளைக் குறிக்கச் சொல்லுங்கள். சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால் ஒரு புள்ளி சுமார் 13 நாளில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்விடும். ஜெர்மனியில் ஷ்வாபே என்றொருவர் 1826-லிருந்து இப்படித்தான் வருஷக்கணக்காகக் குறித்தார். புள்ளிகள் சுமார் 10 வருஷத்துக்கொரு முறை பெருகிக் குறைவதை 1840-களில் உலகுக்குச் சொன்னார். இன்று அதை 11 வருஷம் என்கிறோம். அவர் தொழில் என்ன தெரியுமா? மருந்துக் கடை! நம்ம ஆள்தான்.

நம் கொடைக்கானல் வானாய்வகம் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறது. புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை எவர்ஷெட் 1909-ல் கண்டதும் அங்கேதான். ஒரு கோடை விடுமுறைக்குப் படகு சவாரியோடு அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

எச்சரித்தும் யாராவது நேராகப் பார்த்துப் பார்வை மங்கினால், நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விடாதீர்கள். சித்த வைத்தியம் படித்த நானே சொல்கிறேன். பொன்னாங்கண்ணிக் கீரை உடம்புக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் சிதைந்த விழித்திரையை அது ஒட்ட வைக்காது. அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கருவியே வாங்க வேண்டாம் என்பவர்களுக்கும் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 22, ஆகஸ்ட் 21 ஆகிய நாட்களை ஒட்டி, பகல் பன்னிரண்டேகால் மணி சுமாருக்கு, தர்மபுரியில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். மொட்டை மாடியில் ஒரு பாட்டிலை நிறுத்தி வையுங்கள். நிழல் அதன் அடிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். தலையில் துண்டும், கையில் ஒரு சொம்பு நீர்மோரும் மறக்காமல்!